கணிதச் சூத்திரங்களை மின்தொகுப்புகளில் தேடி எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு சூத்திரம் கையில் இருக்கிறது; ஆனால் அதன் பெயரோ, அதை நிறுவியவர் யார் என்பதோ, எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அது செல்லுபடியாகும் என்பதோ தெரியவில்லை. கணிதம், இயற்பியல், புள்ளியியல், பொறியியல் என எத்துறையில் ஆராய்ச்சி செய்பவரும் இந்த நிலையை ஒரு கட்டத்தில் சந்திக்கிறார். சொற்களைத் தேடிப் பழகிய கையோடு சூத்திரத்தையும் அப்படியே தேடுபெட்டியில் தட்டச்சு செய்கிறார். பொதுவான தேடுபொறிகளோ அடைப்புக்குறி, அடுக்கு, பின்னக்கோடு போன்றவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்பதால், தொடர்பில்லாத பக்கங்களே வந்து குவிகின்றன. சூத்திரத்தின் எழுத்து வடிவம் ஆளுக்கு ஆள் மாறுபடும்; எவ்வளவு மாற்றி எழுதினாலும் அதில் மாறாமல் நிற்பது எது என்று முதலில் கண்டறிந்து, அதைப் பிடித்துத் தேடுவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தக் கருத்தின் மீது அமைந்தவை.

முதலில்: சூத்திரம் ஏன் தேடலில் சிக்குவதில்லை

பலரும் அறிந்த காஸ் தொகையீட்டை எடுத்துக்கொள்வோம். மைனஸ் எக்ஸ் வர்க்கத்தை அடுக்காகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பை மைனஸ் முடிவிலியிலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் √π கிடைக்கும். இதையே ஒருவர் பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை எழுதி √π-இன் பாதி என்று முடிப்பார். புள்ளியியலாளர் அடுக்கை இரண்டால் வகுத்து √(2π) என்று எழுதுவார். இயற்பியலாளர் அடுக்கில் ஒரு மாறிலியைச் சேர்த்து, அந்த மாறிலி விடையில் பகுதியாக வரும்படி எழுதுவார். மாறியின் பெயரும் எக்ஸ், டி, யு என்று விருப்பம்போல் மாறும். நான்கும் ஒரே உண்மையைச் சொல்பவை என்றாலும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்கு அவை நான்கு வெவ்வேறு சரங்கள்.

கோப்பு வடிவமும் தன் பங்குக்குத் தடையாகிறது. ஒரு பிடிஎஃப் கோப்பிலிருந்து ஏதேனும் ஒரு சூத்திரத்தை நகலெடுத்து வெற்று உரைப்பெட்டியில் ஒட்டிப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். எக்ஸின் தலைமேல் சிறிதாக நின்ற 2, எக்ஸுக்குப் பக்கத்தில் சாதாரண 2 ஆக இறங்கிவிடும். பின்னக்கோடு காணாமல் போய், தொகுதியும் பகுதியும் மேலும் கீழுமாக இரு வரிகளாகப் பிரிந்துவிடும். கழித்தல் குறி நம் விசைப்பலகையில் உள்ள சிறு கோடாக இல்லாமல் வேறொரு யூனிகோட் எழுத்தாக இருக்கும். எந்த எழுத்தை எந்த இடத்தில் அச்சிட வேண்டும் என்பதையே பிடிஎஃப் பெரும்பாலும் பதிவு செய்கிறது. எது எதன் அடுக்கு என்ற செய்தி அதில் இருப்பதில்லை. வருடிய பழைய நூல்களில் அந்த எழுத்துகளும் இல்லை, வெறும் படம்தான்.

சூத்திரங்களைக் கட்டளைகளாகத் தட்டச்சு செய்யும் லாடெக் முறையின் மூலக்கோப்பும், 1998இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட மேத்எம்எல் வடிவமும் இந்தக் குறையைப் பெரிதும் போக்குகின்றன. மேத்எம்எல்லில் இரு வகைகள் உண்டு: சூத்திரம் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது ஒன்று, அது என்ன செயலைக் குறிக்கிறது என்று சொல்வது மற்றொன்று. வலையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையே. ஆகவே ஒரு தொகுப்பில் தேடத் தொடங்கும்முன், அது சூத்திரங்களை எந்த வடிவில் வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

படி 1: சூத்திரத்தைப் பிரித்து எழுதுதல்

தேடுபெட்டியைத் திறக்கும்முன் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: சூத்திரத்தில் உள்ள தனித்துவமான எண்கள், அதில் வரும் சார்புகளின் பெயர்கள், அதன் எலும்புக்கூடு, அதாவது அது தொகையீடா, முடிவிலாத் தொடரா, தொடர் பின்னமா, பெருக்கமா என்பது, மாறிகள் எந்த எல்லைக்குள் இருக்கின்றன என்பது, எந்தத் துறையில் அதைச் சந்தித்தீர்கள் என்பது. இவற்றில் எது மிக அரிதானதோ அதுவே உங்கள் முதல் தேடுசொல்.

இராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள 1/π-க்கான தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2√2-ஐ 9801ஆல் வகுத்து முன்னே வைத்து, பின் ஒரு முடிவிலாத் தொடரை அதனுடன் பெருக்குகிறது அந்தச் சூத்திரம். தொடரின் ஒவ்வோர் உறுப்பிலும் 1103-உடன், வரிசை எண்ணால் பெருக்கிய 26390-ஐக் கூட்டிய ஒரு காரணி வருகிறது. பகுதியில் 396-இன் அடுக்கு வருகிறது. காரணீயப் பெருக்கங்களும் உண்டு. இதை முழுவதுமாகத் தட்டச்சு செய்ய வேண்டியதே இல்லை. 1103, 26390 என்ற இரண்டு எண்களை மட்டும் மேற்கோள் குறிகளுக்குள் தனித்தனியே இட்டு, உடன் ‘பை’ என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்துச் சாதாரணத் தேடுபொறியில் இட்டாலே போதும். வேறு எந்தச் சூத்திரத்திலும் இவ்விரண்டும் சேர்ந்து வர வாய்ப்பு மிகக் குறைவு. மாறாக 9801-ஐ மட்டும் நம்பினால் சில பக்கங்களைத் தவறவிடுவீர்கள், ஏனெனில் சிலர் அதை 99-இன் வர்க்கம் என்று எழுதுகிறார்கள். 2√2-ஐ √8 என்று எழுதுபவர்களும் உண்டு. காரணிப்படுத்தி வேறு வகையில் எழுத வாய்ப்புள்ள எண்ணைவிட, அப்படியே விட்டுவிடப்படும் எண்ணே தேடலுக்கு ஏற்றது. 1103 ஒரு பகா எண். அதை உடைத்து எழுத யாராலும் முடியாது.

படி 2: எண் மதிப்பைக் கொண்டு தேடுதல்

என் மதிப்பீட்டில் எல்லா வழிகளிலும் வலுவானது இதுவே. குறியீடுகள் மாறலாம், மாறியின் பெயர் மாறலாம், ஆனால் மதிப்பு மாறாது.

முழு எண்களின் தொடர்வரிசை கிடைத்தால் செல்ல வேண்டிய இடம் ஓஇஐஎஸ் எனப்படும் முழு எண் தொடர்வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியம். நீல் ஸ்லோன் 1964இல் தொடங்கிய இந்தத் திரட்டு 1996 முதல் வலையில் கிடைக்கிறது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்வரிசைகள் அதில் உள்ளன. உங்கள் சூத்திரத்தில் வரிசை எண்ணுக்கு 1, 2, 3 என்று இட்டு மதிப்புகளைக் கணக்கிட்டு, காற்புள்ளியிட்டு உள்ளிடுங்கள். தொடக்க உறுப்புகளை விட்டுவிடுவது நல்லது. எண் பிரிவினைகளின் எண்ணிக்கை, அதாவது ஓர் எண்ணை நேர் முழு எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வகையில் எழுதலாம் என்பது, 1, 1, 2, 3, 5 என்று தொடங்குகிறது. ஃபிபனாச்சி எண்களும் அப்படியேதான் தொடங்குகின்றன. ஆறாவது உறுப்பில்தான் ஒன்று 7 என்றும் மற்றது 8 என்றும் பிரிகின்றன. எனவே 7, 11, 15, 22, 30, 42 என்று நடுவிலிருந்து ஆறு உறுப்புகளை இட்டால், பிரிவினைகளுக்கான ஏ000041 என்ற பதிவு நேராக வந்து நிற்கும். நீங்கள் வரிசையைப் பூச்சியத்திலிருந்து தொடங்கினீர்களா, ஒன்றிலிருந்து தொடங்கினீர்களா என்ற சிக்கலும் இதனால் நீங்குகிறது. கிடைத்த பதிவில் எண்களோடு நிறுத்திக்கொள்ளாமல், சூத்திரங்கள், மேற்கோள் நூல்கள், தொடர்புடைய வரிசைகள் ஆகிய பகுதிகளையும் படியுங்கள். தேடிய சூத்திரத்தின் வேறு வடிவங்கள் அங்கேதான் கிடைக்கும்.

விடை ஒரு மெய்யெண்ணாக இருந்தால், அதன் தசம இலக்கங்களையும் அதே களஞ்சியத்தில் காற்புள்ளியிட்டு உள்ளிடலாம். வர்க்கங்களின் தலைகீழிகளின் கூட்டுத்தொகை 1.6449340668 என்று தொடங்குகிறது. 1, 6, 4, 4, 9, 3, 4, 0, 6, 6 என்று இட்டால் π-இன் வர்க்கத்தை 6ஆல் வகுத்த மதிப்புக்கான ஏ013661 என்ற பதிவு வருகிறது. ஆனால் இலக்கங்கள் சரியாக இருக்க வேண்டும் என்பதில் மிகுந்த கவனம் தேவை. இந்தத் தொடரின் முதல் 1000 உறுப்புகளை அப்படியே கூட்டினால் 1.64393 என்றுதான் வரும்; மூன்றாம் தசம இடத்திலேயே பிழை வந்துவிட்டது, தேடல் எங்கும் போய்ச் சேராது. மெதுவாகக் குவியும் தொடர்களை விரைவுபடுத்திக் கணக்கிடும் வசதி பாரி, சேஜ், பைத்தானின் எம்பிமேத் ஆகிய கணித மென்பொருள்களில் உண்டு. குறைந்தது பத்து இலக்கங்கள் உறுதியான பின்பே தேடத் தொடங்குங்கள்.

படி 3: பெயரும் வகையும் தெரிந்தால் பார்வை நூலகங்கள்

சூத்திரத்தில் காமா, ஜீட்டா, பெசல், லெஜாந்தர் போன்ற சிறப்புச் சார்பு ஏதேனும் இருந்தால் முதலில் திறக்க வேண்டியது டிஎல்எம்எஃப் எனப்படும் கணிதச் சார்புகளின் மின்நூலகம். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2010இல் இதை வெளியிட்டது. அப்ரமோவிட்சும் ஸ்டெகனும் தொகுத்து 1964இல் வெளிவந்த புகழ்பெற்ற கையேட்டின் வழித்தோன்றல் இது. மொத்தம் 36 இயல்கள்.

இதன் தேடுபெட்டி சொற்களையும் சூத்திரங்களையும் கலந்து ஏற்கும். சொல்லின் ஒரு பகுதி மட்டும் தெரிந்தால் மீதிக்கு டாலர் குறியையும், ஒற்றை எழுத்துக்குக் கேள்விக்குறியையும் இடலாம். இரண்டு குறிகள் அருகருகே வர வேண்டும் என்று கேட்கும் வசதியும் உண்டு. ஆனாலும் எனக்குப் பிடித்த வழி, தேடுபெட்டியை விட்டுவிட்டு இயலின் உள்ளடக்கத்தில் இறங்குவதே. காமா சார்பின் பிரதிபலிப்புச் சூத்திரம் வேண்டுமென்றால் ஐந்தாம் இயலுக்குப் போய், சார்புத் தொடர்புகள் என்ற ஐந்தாம் பிரிவைத் திறந்தால் 5.5.3 என்ற எண்ணோடு அது இருக்கிறது. ஒத்த சூத்திரங்கள் ஒரே பக்கத்தில் கூடியிருப்பதால், தேடியதைவிடப் பொருத்தமான ஒன்று பக்கத்திலேயே கிடைப்பது வழக்கம்.

ஒவ்வொரு சூத்திரத்தின் அருகிலும் ஒரு சிறு தகவல் குறி இருக்கும். அதை அழுத்தினால் அச்சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு குறியீடும் எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது, பழைய கையேட்டில் அதன் எண் என்ன, லாடெக் வடிவம் எது என்பவை தெரியும். இந்த எண்கள் நிலையான இணைப்புகளாக இருப்பதால், ஆய்வுக்கட்டுரையில் மேற்கோள் காட்ட இதைவிட வசதியானது வேறில்லை.

படி 4: வடிவத்தைக் கொண்டு தேடும் பொறிகள்

தனித்துவமான எண் இல்லை, பெயரும் தெரியவில்லை, பொதுவான ஒரு சமனின்மையோ முற்றொருமையோதான் கையில் உள்ளது என்றால் சூத்திரத் தேடுபொறிகளுக்குச் செல்ல வேண்டும். இவை சூத்திரத்தை எழுத்துச் சரமாகப் பார்க்காமல் மரமாகப் பிரிக்கின்றன. மரம் இரு வகைப்படும். எந்தக் குறி எதற்கு வலப்புறம், எதற்கு மேலே, எதற்குக் கீழே என்று இடத்தைப் பதிவு செய்வது முதல் வகை. எந்தச் செயல் எந்த உறுப்புகளின் மீது நடக்கிறது என்று பதிவு செய்வது இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் கூட்டலின் இரு பக்க உறுப்புகள் இடம் மாறி இருந்தாலும் பொருத்தத்தைக் காண முடியும். உங்கள் சூத்திரத்தின் ஒரு கிளை மட்டும் வேறொரு பெரிய சூத்திரத்துக்குள் இருந்தாலும் இப்பொறிகள் அதைக் காட்டக்கூடும் என்பதே இவற்றின் பெரும்பயன்.

நடைமுறையில் மூன்றை அறிந்திருந்தால் போதும். அப்ரோச் ஜீரோ, மேத் ஸ்டேக்எக்ஸ்சேஞ்ச் தளத்தில் உள்ள கேள்வி-பதில்களைத் தேடுவதற்கு உருவாக்கப்பட்டது. ஒரு சூத்திரத்தோடு சில சொற்களையும் சேர்த்துத் தேடலாம். சர்ச்ஆன்மேத் பல தளங்களை ஒருசேரத் தேடுகிறது. இசட்பிமேத் ஓப்பன் 1868 முதலான கணித ஆய்வுகளின் மதிப்புரைகளையும் சுருக்கங்களையும் கொண்டது. 2021இன் தொடக்கத்திலிருந்து கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. அதன் சூத்திரப் பிரிவில் கேள்விக்குறியோடு தொடங்கும் மாறியை இட்டால் அந்த இடத்தில் எந்தக் கோவை இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரே மாறியை இரண்டு இடத்தில் இட்டால் இரண்டிலும் அதே கோவை வர வேண்டும் என்று பொருள். இது மிக நுட்பமான வசதி. மதிப்புரைகளும் சுருக்கங்களுமே அங்குத் தேடப்படுகின்றன, கட்டுரையின் முழு உரை அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றுக்கும் லாடெக் வடிவில் உள்ளிடத் தெரிய வேண்டும். படமாக உள்ள சூத்திரத்தை லாடெக்காக மாற்ற மேத்பிக்ஸ் உதவும். ஒரே ஒரு குறியின் கட்டளை தெரியவில்லை என்றால் டிடெக்ஸிஃபை தளத்தில் அதைக் கையால் வரைந்து கேட்கலாம். மாற்றியபின் அச்சு வடிவத்தைக் கண்ணால் ஒப்பிடாமல் தேடாதீர்கள். சிறு எல் எழுத்தும் 1 என்ற எண்ணும், கிரேக்க நியூவும் ஆங்கில வியும் இடம் மாறினால் தேடல் முழுவதும் தடம் புரண்டுவிடும்.

முழுச் சூத்திரத்தையும் ஒரே முறையில் இடுவது இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை. இடப்பக்கத்தை மட்டும் இடுங்கள். பின் அதிலிருந்து அலங்காரங்களை நீக்குங்கள், அதாவது முன்னால் நிற்கும் மாறிலிக் காரணி, கீழொட்டுகள், எல்லைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மீண்டும் தேடுங்கள். விடைகள் மிகுதியாக வந்தால் ஒரு சொல்லைச் சேர்த்துக் குறைக்கலாம்.

படி 5: மூலக்கோப்புகளில் தேடுதல்

1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய, ஆய்வுக்கட்டுரைகளின் முன்வரைவுகளைக் கட்டணமின்றித் தரும் ஆர்க்கைவ் தளத்தில் பெரும்பாலான கட்டுரைகளின் லாடெக் மூலக்கோப்பையும் தரவிறக்கலாம். அத்தளத்தின் தேடுபெட்டியில் தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள லாடெக் கோவைகளைத் தேட முடியும். நீங்கள் தேடும் சூத்திரம் குறிப்பிட்ட சில கட்டுரைகளுக்குள்தான் இருக்கும் என்று தெரிந்தால், அவற்றின் மூலக்கோப்புகளைக் கணினியில் இறக்கி வைத்து உரைத்தேடல் செய்வதே விரைவானது. எக்ஸின் வர்க்கத்தை ஒருவர் நெளிவு அடைப்புக்குறியோடும் மற்றவர் அது இல்லாமலும் எழுதுவார். பலர் தங்களுக்கென்று சுருக்கக் கட்டளைகளை வரையறுத்துக்கொள்வார்கள். ஆகவே கோப்பின் தொடக்கத்தில் உள்ள அந்த வரையறைகளை முதலில் படித்துவிட்டு, இடைவெளியையும் அடைப்புக்குறியையும் பொருட்படுத்தாத முறையில் தேடுங்கள். பெரிய தொகுப்பாக இருந்தால் லாடெக்எம்எல் என்ற கருவி சுருக்கக் கட்டளைகளை விரித்து மேத்எம்எல்லாக மாற்றித் தரும்.

படி 6: கையெழுத்துப் படிகளும் பழைய அச்சுகளும்

இங்கே எந்தச் சூத்திரத் தேடுபொறியும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. இராமானுஜனின் குறிப்பேடுகளை 1957இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒளிப்படப் பதிப்பாக வெளியிட்டது. பக்கங்களின் படத்தைக் கண்ணால் பார்க்கலாமே தவிர, அதில் ஒரு சூத்திரத்தை எழுத்தாகத் தேட முடியாது. புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக அக்குறிப்பேடுகளின் ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவலோ மேற்கோளோ தந்து பதிப்பித்தார். எனவே அச்சான தொகுதியில் தொடங்கி, இயல் எண்ணையும் பதிவு எண்ணையும் பிடித்துக்கொண்டு, பின்பு கையெழுத்துப் பக்கத்துக்குச் செல்வதே வழி. ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் 1976இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்த, ‘தொலைந்த குறிப்பேடு’ என்று வழங்கப்படும் தாள்களுக்கு மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் பக்க எண்ணைத் தருகிறார்கள். எந்தப் பழைய ஆசிரியரின் படைப்பானாலும், அதைப் பதிப்பித்தவரின் எண்முறையை அறிவதே அங்கு முதல் வேலை.

படி 7: கிடைத்ததைச் சரிபார்த்தல்

தேடிய சூத்திரம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் பலர். இதைத் தவிர்க்கவே கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

முதல் வகையைச் சேர்ந்த முழுமையான நீள்வட்டத் தொகையீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1964ஆம் ஆண்டுக் கையேடு அதை ஒரு துணையலகின் சார்பாக எழுதுகிறது. டிஎல்எம்எஃப்போ அத்துணையலகின் வர்க்கமூலத்தின் சார்பாக எழுதுகிறது. இரண்டு இடத்திலும் சார்பின் பெயர் ஒன்றே, அடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்து மட்டுமே வேறு. அடைப்புக்குறிக்குள் 0.5 என்று இட்டால் முதல் மரபில் 1.85407 என்றும், இரண்டாம் மரபில் 1.68575 என்றும் விடை வரும். இரண்டும் சரியே, ஆனால் ஒரு நூலின் சூத்திரத்தில் மற்றதன் மரபுப்படி எழுதிய நிரலைப் பொருத்தினால் கணக்கு முழுவதும் பிழையாகும். ஃபூரியே உருமாற்றத்தில் 2π எங்கே நிற்கிறது, பெர்னூலி எண்களில் இரண்டாவது எண்ணின் குறி என்ன, ஹெர்மைட் பல்லுறுப்புக்கோவை இயற்பியலாளர் வழக்கா நிகழ்தகவாளர் வழக்கா, கோளக ஆயத்தொலைவுகளில் இரு கோணங்களில் எது எது என்பவையும் இதே போன்ற கண்ணிகள்.

ஆகவே ஒரு குறிப்பிட்ட மதிப்பை இட்டு இரு பக்கங்களையும் எண்ணால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பூச்சியம், ஒன்று போன்ற எளிய மதிப்புகள் பிழையை மறைத்துவிடும் என்பதால் 0.37 போன்ற ஒழுங்கற்ற மதிப்பைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன 1/π தொடரில் முதல் உறுப்பை மட்டும் எடுத்துத் தலைகீழாக்கினால், 9801-ஐ 2206√2-ஆல் வகுத்த மதிப்பு, 3.14159273 என்று வருகிறது. ஆறு தசம இடங்கள் ஒரே உறுப்பில் சரியாக வந்துவிட்டதால், நகலெடுக்கும்போது எண் எதுவும் பிறழவில்லை என்ற நம்பிக்கை பிறக்கிறது. அடுத்த உறுப்பையும் சேர்த்தால், ஓர் உறுப்புக்கு ஏறத்தாழ எட்டு இலக்கம் என்ற வேகத்தில் துல்லியம் கூட வேண்டும். கூடவில்லையென்றால் 26390 அல்லது 396 உள்ள பகுதியில் பிழை இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் சூத்திரத்தைக் காட்டிப் பெயர் கேட்பது பயனுள்ள குறுக்குவழிதான். ஆனால் அவை சொல்லும் பெயரைத் தேடுசொல்லாக மட்டும் எடுத்துக்கொண்டு, சூத்திரத்தையும் நிபந்தனையையும் மூலத்தில் கண்ட பிறகே ஏற்க வேண்டும்.

படி 8: கிடைக்காதபோது

மேலே சொன்ன எதிலும் சிக்காத சூத்திரத்துக்கு மனிதர்களிடம் கேட்பதே வழி. பாடநூல் அளவிலான கேள்விக்கு மேத் ஸ்டேக்எக்ஸ்சேஞ்சும், ஆய்வு நிலைக் கேள்விக்கு மேத்ஓவர்ஃப்ளோவும் ஏற்றவை. சூத்திரத்தைப் படமாக ஒட்டாமல் லாடெக்கில் தட்டச்சு செய்யுங்கள், அப்போதுதான் நாளை வேறொருவர் தேடும்போது உங்கள் கேள்வி அவருக்குக் கிடைக்கும். எந்த நூலில் அல்லது எந்தச் சிக்கலில் அதைச் சந்தித்தீர்கள், மாறிகளின் எல்லை என்ன, எத்தனை இலக்கம் வரை எண்ணால் சரிபார்த்தீர்கள், எந்தெந்தத் தொகுப்புகளில் என்னென்ன சொல்லிட்டுத் தேடினீர்கள் என்று நான்கைந்து வரிகளில் தெளிவாக எழுதுங்கள். விடை கிடைத்ததும் மூலத்தின் சூத்திர எண், பதிப்பு, குறியீட்டு மரபு, சோதித்த எண் மதிப்பு ஆகியவற்றைச் சூத்திரத்தின் லாடெக் வடிவத்தோடு சேர்த்து ஒரே கோப்பில் சேமித்து வையுங்கள்.